ஒரு ஆளுக்கான கருவி, பல பேர் வாழும் வீடு

செல்போன் வந்த பிறகு வீட்டில் யாரும் யாரோடும் பேசுவதில்லை என்று வருத்தப்படுகிறவரே, அடுத்த நிமிடம் சிங்கப்பூரில் இருக்கும் மகளோடு வீடியோ காலில் அரை மணி நேரம் பேசுவார். அவர் சொன்னதும் உண்மை, செய்வதும் உண்மை. இதை நன்மைகள், தீமைகள் என்று இரண்டு தலைப்புப் போட்டுப் பள்ளிக்கூடக் கட்டுரையாக முடித்துவிடலாம். அப்படி முடித்தால், ஒரே கருவி ஒரே வீட்டுக்குள் ஏன் இப்படி இரண்டு விதமாக வேலை செய்கிறது என்பது கடைசி வரை பிடிபடாது.

அது பிடிபட ஒரு விஷயம் தெரிந்தால் போதும். இன்று நம் வீட்டில் இருக்கும் கணினி, செல்போன், அவற்றில் ஓடும் ஆப்கள் எல்லாமே ஒரு தனி ஆளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. ஒரு நம்பர், ஒரு கணக்கு, ஒரு பாஸ்வேர்டு, ஒரு கைரேகை. அந்தக் கணக்குக்கு உரிய ஆள் யார் என்பதுதான் அதற்குத் தெரியும். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்க்கும் பேரனையோ, அவருக்காகப் பட்டனை அழுத்தித் தரும் மருமகளையோ அதற்குத் தெரியாது. வீட்டிலோ நாலைந்து பேர் ஒரே ஹாலில், ஒரே வருமானத்தில், ஒருவர் வேலையை இன்னொருவர் செய்துகொண்டு வாழ்கிறார்கள். கருவி ஒரு ஆளை எதிர்பார்க்கிறது, வீட்டில் பல பேர் இருக்கிறார்கள். தகவல் தொழில்நுட்பம் குடும்பத்துக்குள் கொண்டுவரும் சண்டைகளில் பெரும்பகுதியும், வசதிகளில் ஒரு பகுதியும் இந்தப் பொருத்தமின்மையிலிருந்துதான் வருகின்றன என்பது என் எண்ணம்.

வீட்டுப் பொருளாக இருந்தவை

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். ரேடியோ வீட்டுக்கு ஒன்று. டிவி வீட்டுக்கு ஒன்று. சென்னையில் தூர்தர்ஷன் 1975இல் வந்தபோது, டிவி இருந்த வீட்டில் தெருவே கூடி உட்கார்ந்தது. தொலைபேசியும் அப்படித்தான். அந்த நம்பர் வீட்டுக்குரியது. மணி அடித்தால் யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர் எடுப்பார், யாருக்கு வந்த அழைப்போ அவரைக் கூப்பிடுவார். போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு நம்பரை பி.பி. நம்பர் என்று எழுதிக் கொடுப்பார்கள். இதனால் யாருக்கு யார் போன் செய்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அது எல்லாக் காலத்திலும் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு ஒரு நண்பர் போன் செய்தால், எடுப்பது அப்பாவாக இருந்தால், என்ன நடந்திருக்கும் என்று அந்தக் காலத்தில் வளர்ந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். வீட்டுக்குப் பொதுவான கருவி என்றால் அதில் வீட்டின் மூத்தவர்களுடைய கட்டுப்பாடும் சேர்ந்தே இருந்தது.

தமிழ்நாட்டு அரசு கொடுத்த இலவசப் பொருள்களிலேயே இந்த மாற்றம் தெரிகிறது. 2006இல் தொடங்கிய வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் டிவி ரேஷன் கார்டுக்கு ஒன்று. அதாவது குடும்பத்துக்கு ஒன்று. 2011இல் தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தில் லேப்டாப் மாணவர் பெயருக்கு. ஐந்தே வருடத்தில், கொடுக்கப்படும் கருவி குடும்பத்தின் கையிலிருந்து ஒரு பிள்ளையின் கைக்கு மாறியது. அந்த லேப்டாப்பை அண்ணன் தம்பி, பக்கத்து வீட்டு அக்கா எல்லோரும் பயன்படுத்தினார்கள் என்பது வேறு விஷயம். அப்படித்தான் நம் வீடுகள் நடக்கும்.

கணினிகூட முதலில் வீட்டுப் பொருளாகத்தான் உள்ளே வந்தது. ஐபிஎம் நிறுவனம் 1981இல் விற்கத் தொடங்கிய கணினியும் அதைப் பார்த்துச் செய்யப்பட்டவையும் ஒருவர் மேசையில் வைத்து வேலை செய்வதற்கானவை. ஆனால் விலை அதிகம். நம் ஊரில் வாங்கியவர்கள் ஹாலில் வைத்து, மேலே துணி போர்த்தி, முறை வைத்துப் பயன்படுத்தினார்கள். 1995 ஆகஸ்ட்டில் அப்போது அரசு நிறுவனமாக இருந்த விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கொடுக்கத் தொடங்கியபோது அது தொலைபேசிக் கம்பி வழியே வந்தது. ஒருவர் இணையத்தில் இருந்தால் வீட்டு போன் எங்கேஜ்ட். அதனால் யாருக்கு எவ்வளவு நேரம் என்று பேசி முடிவு செய்தே ஆக வேண்டியிருந்தது. அந்தப் பேச்சுக்கான தேவையை இல்லாமல் ஆக்கியது விலை வீழ்ச்சிதான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு டேட்டாவின் விலை சரிந்தது, ஸ்மார்ட்போன் விலையும் குறைந்துகொண்டே வந்தது. ஆளுக்கொரு திரை என்பது நடுத்தர வீடுகளில் சாதாரணமானது. எல்லா வீட்டிலும் அல்ல. 2020இல் பள்ளிகள் மூடப்பட்டு ஆன்லைன் வகுப்பு வந்தபோது, வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட்போன் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்ட குடும்பங்கள் ஏராளம். அதே நாட்களில் கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது பல பிள்ளைகளுக்கு எட்டியதற்குக் காரணம், டிவி அப்போதும் வீட்டுக்குப் பொதுவாக இருந்ததுதான்.

பிட்ஸ்பர்க் வீடுகள் காட்டியது

இணையம் வந்தால் குடும்பப் பேச்சு குறையுமா என்ற கேள்வியை ஆரம்பத்திலேயே பொறுமையாக ஆராய்ந்தவர்கள் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் க்ரவுட்டும் அவருடைய குழுவினரும். பிட்ஸ்பர்க் நகரத்தில் சில குடும்பங்களுக்குக் கணினியும் இணைய இணைப்பும் கொடுத்து, ஓரிரு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். 73 வீடுகளில் 169 பேரைப் பற்றிய முடிவு 1998இல் வெளியானது. அதிக நேரம் இணையத்தில் இருந்தவர்கள் வீட்டில் உள்ளவர்களோடு பேசுவது குறைந்திருந்தது, நண்பர் வட்டம் சுருங்கியிருந்தது, தனிமையும் மனச்சோர்வும் சற்றுக் கூடியிருந்தன. செய்தி உலகெங்கும் பரவியது.

அதே ஆட்களைத் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியிட்ட அடுத்த கட்டுரையைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை. முதலில் கண்ட கெடுதல்களில் பெரும்பாலானவை காலப்போக்கில் மங்கிவிட்டிருந்தன. புதிதாகச் சேர்த்த இன்னொரு கூட்டத்தைப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. கலகலப்பாகப் பழகுகிறவர்களுக்கும் சுற்றிலும் ஆதரவு இருப்பவர்களுக்கும் இணையம் நல்லது செய்தது. ஒதுங்கி இருப்பவர்களுக்கும் ஆதரவு குறைந்தவர்களுக்கும் அதே இணையம் அவ்வளவாக உதவவில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்தது.

இந்த ஆய்வை நான் முக்கியமாக நினைப்பதற்குக் காரணம் உண்டு. கணினி எல்லா வீட்டையும் ஒரே மாதிரி பாதிக்காது என்பதை அது அளந்து காட்டியது. ஏற்கெனவே பேச்சு இருக்கும் வீட்டில் வாட்ஸ்அப் குரூப் இன்னொரு திண்ணையாகிவிடும். பேச்சே அற்றுப்போன வீட்டில், ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்பதற்கு அது வசதியான காரணமாகிவிடும். ஆகவே "எங்கள் வீட்டில் போனால் பிரச்சினை" என்று ஒருவர் சொன்னால், அந்த வீட்டில் போனுக்கு முன்னால் என்ன இருந்தது, போன் எதன் நேரத்தை எடுத்துக்கொண்டது என்று கேட்க வேண்டும். பிள்ளை படிக்கும் நேரத்தையா, டிவி பார்க்கும் நேரத்தையா, தூக்கத்தையா? தூக்கத்தை எடுத்திருந்தால் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

திரைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

சரி, ஒருவர் போனை எடுத்தால் ஏன் கீழே வைக்க முடிவதில்லை? இதற்கு மன உறுதி இல்லாததுதான் காரணம் என்று சொல்லி வீட்டில் உள்ளவர்களைத் திட்டுகிறோம். பாதிக் காரணம் கருவிக்குள் இருக்கிறது.

யூடியூப், இன்ஸ்டாகிராம் மாதிரியான சேவைகளில் நமக்கு அடுத்து எதைக் காட்டுவது என்பதை ஒரு நிரல் முடிவு செய்கிறது. நீங்கள் எதைப் பார்த்தீர்கள், எத்தனை நொடி பார்த்தீர்கள், எதைத் தள்ளிவிட்டீர்கள், எதை இன்னொருவருக்கு அனுப்பினீர்கள் என்பதெல்லாம் உங்கள் கணக்கில் சேர்கிறது. உங்களைப் போலவே பார்த்த மற்றவர்கள் அடுத்து எதில் தங்கினார்கள் என்பதோடு ஒப்பிட்டு, நீங்களும் தங்க வாய்ப்புள்ளதைத் தேர்ந்தெடுத்து முன்னால் வைக்கிறது. யூடியூப் 2012இலேயே, எத்தனை பேர் வீடியோவை அழுத்தினார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு அதிக மதிப்பு கொடுக்கத் தொடங்கிவிட்டது. அதாவது உங்கள் நேரம்தான் அதன் அளவுகோல். விளம்பரத்தில் வருமானம் வரும் தொழிலுக்கு அது இயல்பு. உங்கள் இரவுச் சாப்பாட்டு நேரம் அந்தக் கணக்கில் எங்கும் கிடையாது.

முடிவே இல்லாமல் கீழே இழுத்துக்கொண்டே போகும் பக்கத்தை 2006இல் உருவாக்கியவர் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர். பிறகு அதற்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்து, இத்தகைய வடிவமைப்புகளுக்கு எதிராகப் பேசுகிறவர்களில் ஒருவராகிவிட்டார். செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. டிவி தொடருக்கு 'தொடரும்' என்ற அட்டை உண்டு. அந்த இடத்தில்தான் நம் வீடுகளில் யாராவது எழுந்து அடுப்பைப் பார்க்கப் போவார்கள், யாராவது பேச்சை எடுப்பார்கள். அந்த நிறுத்தம் எடுபட்டுப்போனது சின்ன விஷயமாகத் தோன்றலாம். குடும்பப் பேச்சு பெரும்பாலும் இப்படிப்பட்ட இடைவெளிகளில்தான் நடந்தது, தனியாக நேரம் ஒதுக்கி யாரும் பேசவில்லை.

ஒரே போனைப் பலர் பயன்படுத்தும் வீட்டில் இந்த நிரல் குழம்பிப் போகிறது. பாட்டி கேட்ட கந்த சஷ்டி கவசம், பேரன் பார்த்த கேம் வீடியோ, அம்மா தேடிய மூட்டுவலி மருத்துவம் எல்லாம் ஒரே கணக்கில் விழுகின்றன. அது ஒரே ஆள் என்று நினைத்து எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பரிந்துரைக்கிறது. அப்பா இரவில் பார்த்ததன் சாயலில் ஒன்று காலையில் ஆறு வயதுக் குழந்தையின் கையில் வந்து நிற்பது இப்படித்தான். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் தனித்தனிப் பயனர்களை உருவாக்கும் வசதி இருக்கிறது, பல நிறுவனங்கள் அதை மறைத்தே விற்கின்றன. ஐபோனில் அந்த வசதியே இல்லை. குழந்தையிடம் கொடுக்கும் நேரத்துக்கு யூடியூப் கிட்ஸ் ஆப்பைத் தனியாக வைத்துக்கொள்வது எளிய வழி. இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை உட்கார்ந்து பார்ப்பது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம், அதற்கும் குறைவாக இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு. சாப்பாடு ஊட்டும்போது மட்டும்தான் காட்டுகிறோம் என்கிற வீடுகளில்கூட மூன்று வேளையும் கூட்டிப் பார்த்தால் அந்த அளவு தாண்டிவிடும்.

யாருடைய நம்பர்?

குடும்பத்தில் கணினியின் பாதிப்பு என்றால் எல்லோரும் குழந்தைகளையும் ரீல்ஸையும் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, வீட்டின் பணமும் ஆவணங்களும் யாருடைய செல்போன் நம்பரோடு கட்டப்பட்டிருக்கின்றன என்பது.

ரேஷன் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது குடும்பம் முழுமைக்குமான ஆவணம். 2017இல் ஸ்மார்ட் கார்டாக மாறியபோது அதோடு ஒரு செல்போன் நம்பர் சேர்ந்தது. கடையில் பொருள் வாங்கினால் குறுஞ்செய்தி அந்த நம்பருக்கு வரும். கார்டில் பெயர் சேர்க்க, முகவரி மாற்ற இணையத்தில் நுழைந்தால் ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும். ஓடிபி என்பது ஒரே ஒரு முறை பயன்படும் ரகசிய எண். "நம்பருக்கு உரிய ஆள் நீங்கள்தானா" என்று கணினி சோதிக்கும் வழி. குடும்பக் கார்டுக்கு இப்போது சாவி மாதிரி ஒரு தனி ஆளின் சிம் ஆகிவிட்டது. அந்த ஆள் வேலைக்காகத் திருப்பூர் போயிருந்தால், ஊரில் இ-சேவை மையத்தின் வாசலில் நிற்கும் அம்மா அவருக்குப் போன் செய்து, அவர் மெஷினை நிறுத்திவிட்டு எண்ணைப் படித்துச் சொல்லும் வரை காத்திருக்க வேண்டும். ரீசார்ஜ் செய்யாமல் விட்டு அந்த நம்பரே போய்விட்டால் இன்னும் அலைச்சல்.

வங்கிக் கணக்கில் இது இன்னும் கூர்மையாகிறது. 2023 செப்டம்பர் 15 முதல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய், தகுதியுள்ள குடும்பத் தலைவிகளின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகத் தொடங்கியது. பணம் பெண்ணின் பெயரில் இருக்கும் கணக்குக்குப் போக வேண்டும் என்று திட்டமிட்டவர்கள் கவனமாகத்தான் இருந்திருக்கிறார்கள். ஆனால் கணக்குத் தொடங்கும்போது அந்த அம்மாவிடம் போன் இல்லாததால் கணவரின் நம்பரையோ மகனின் நம்பரையோ கொடுத்திருந்தால், பணம் வந்த செய்தி அவர்களுக்குத்தான் போகும். பணம் வந்துவிட்டதா என்று அவர் இன்னொருவரைக் கேட்க வேண்டும். யூபிஐ மூலம் அந்தப் பணத்தைச் செலவழிக்கவும் அவரால் முடியாது, ஏனென்றால் ஜிபே, போன்பே போன்றவை வங்கியில் பதிந்த நம்பரின் சிம் எந்த போனில் இருக்கிறதோ அதில்தான் வேலை செய்யும்.

மகன் நல்லவராக இருக்கலாம். பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் இருப்பார்கள். ஆனாலும் தன் பணத்தின் நிலையைத் தானே தெரிந்துகொள்வது ஒருவருடைய மரியாதையைச் சேர்ந்தது. வீட்டில் வயதான பெண்கள் இருந்தால், அவர்களுடைய வங்கிக் கணக்கிலும் ஆதாரிலும் எந்த நம்பர் இருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். பட்டன் போனாக இருந்தாலும் பரவாயில்லை, அவர்களுக்கென்று ஒரு சிம் இருந்தால் குறுஞ்செய்தி வரும். தமிழில் செய்தி வராவிட்டாலும் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் தொகை புரியும். வங்கிக் கிளையில் நம்பரை மாற்ற ஒரு விண்ணப்பம் போதும்.

நம் குடும்பங்கள் பணத்தைக் கையாளும் விதம் தனி ஆள் முறையோடு ஒத்துப்போகவில்லை என்பதை நிறுவனங்களும் மெல்ல உணர்கின்றன. 2024 ஆகஸ்ட்டில் வந்த யூபிஐ சர்க்கிள் அதற்கு ஒரு சான்று. ஒருவர் தன் கணக்கிலிருந்து செலவழிக்க ஐந்து பேர் வரை அனுமதி கொடுக்கலாம். ஒவ்வொரு முறையும் தன்னிடம் ஒப்புதல் கேட்கும்படி வைக்கலாம், இல்லையென்றால் மாதம் 15,000 ரூபாய் வரை, ஒரு முறைக்கு 5,000 ரூபாய் வரை தாங்களே செலவழிக்கும்படியும் விடலாம். பின் நம்பரை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைக்கும் வழக்கத்தைவிட இது எவ்வளவோ மேல்.

ஓசையில்லாத வேலை

கருவிகள் வேலையைக் குறைக்கும் என்கிறார்கள். ஈபி ஆபீஸ் வரிசையும் ரயில் டிக்கெட் வரிசையும் போனது உண்மையான நிம்மதி, அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த வேலைகள் மாயமாகிவிடவில்லை, வீட்டுக்குள் வந்துவிட்டன. யாரோ ஒருவர் அவற்றைச் செய்கிறார். பாஸ்வேர்டுகளை நினைவில் வைப்பவர், வைஃபை நின்றால் ரூட்டரை அணைத்துப் போடுபவர், பாட்டியின் போனில் இடம் நிறைந்துவிட்டால் குட்மார்னிங் படங்களை அழித்துத் தருபவர், வருமான வரிக் கணக்கு, கேஸ் புக்கிங், ஆதார் திருத்தம் என்று எல்லாம் பார்ப்பவர் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் உண்டு. பிட்ஸ்பர்க் ஆய்வில்கூட இப்படி வீட்டுக்கு ஒரு குரு உருவானதைக் கவனித்தார்கள், பல வீடுகளில் அது பதின்வயதுப் பிள்ளையாக இருந்தது.

நம் வீடுகளிலும் அது பிள்ளைதான். அதனால் ஒரு தலைகீழ் மாற்றம் நடக்கிறது. பதினைந்து வயதுப் பையனுக்கு அப்பாவின் சம்பளம் எவ்வளவு, எந்தக் கடன் தவணை பாக்கி என்பதெல்லாம் தெரிகிறது. சொல்லிக்கொடுக்கும் இடத்தில் அவன் இருக்கிறான், கேட்கும் இடத்தில் பெரியவர்கள் இருக்கிறார்கள். "இதுகூடத் தெரியாதா?" என்ற ஒரு வார்த்தை பெரியவர்களை எவ்வளவு புண்படுத்துகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. அதற்குப் பயந்தே கேட்பதை நிறுத்திவிட்ட பெரியவர்கள் நிறைய. அப்புறம் அவர்கள் தெரியாதவர்களிடம் போனைக் கொடுத்துக் கேட்கிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

பள்ளி வாட்ஸ்அப் குரூப் இன்னொரு வேலை. வீட்டுப்பாடம், நாளைக்கு என்ன நிற உடை, என்ன படம் ஒட்டிக் கொண்டுவர வேண்டும் என்று இரவு ஒன்பது மணிக்கு மேலும் செய்தி வரும். பெரும்பாலும் அது அம்மாவின் போனுக்குத்தான் வருகிறது. முன்பு பிள்ளையின் டைரியில் இருந்த பொறுப்பு இப்போது அம்மாவின் தலையில். அலுவலக வேலையும் அப்படியே. 2020க்குப் பிறகு ஐடி துறையில் வீட்டிலிருந்து வேலை பரவலானபோது, கூட இருக்க முடிகிறதே என்று மகிழ்ந்த குடும்பங்கள், கூட இருந்தும் பேச முடியவில்லையே என்று விரைவிலேயே சொல்லத் தொடங்கின. லேப்டாப்பில் பச்சை விளக்கு எரிந்தால் அவர் ஆபீஸில் இருக்கிறார் என்று ஐந்து வயதுக் குழந்தைக்குப் புரிய வைப்பது எளிதல்ல.

தூரம் குறைந்த வீடுகள்

இவ்வளவு சொன்ன பிறகு, வெளியூரில் ஆள் இருக்கும் வீடுகளுக்குப் போனால் என் தொனியே மாறிவிடும். ஒரு காலத்தில் வளைகுடாவுக்குப் போனவர்கள் ஒலிநாடாவில் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்பினார்கள். போரால் யாழ்ப்பாணத்தை விட்டு டொராண்டோவுக்கும் லண்டனுக்கும் பாரிசுக்கும் சிதறிய குடும்பங்கள் ஒரு போன் அழைப்புக்குப் பல நாள் காத்திருந்தன. இன்று பேத்தியின் முதல் அடியை அம்மம்மா அந்த நொடியிலேயே பார்க்கிறார். இதற்கு ஈடாக எதையும் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அதிலும் அந்தந்த நாட்டுச் சட்டம் குறுக்கே வரும். துபாயில் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம், ஆனால் வாட்ஸ்அப் அழைப்பு அங்கே தடுக்கப்பட்டே இருந்து வந்திருக்கிறது. அதனால் போட்டிம் போன்ற ஆப்பை ஊரில் இருக்கும் அம்மாவின் போனிலும் ஏற்றிக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள். இந்த வீடுகளில் கருவி தனி ஆளுக்கானதாக இருப்பது பிரச்சினையே இல்லை. ஒரு போனை நடுவில் சாய்த்து வைத்துவிட்டு மொத்தக் குடும்பமும் அதன் முன் உட்கார்ந்துகொள்கிறது.

தனியாக்கிப் பிடிப்பது

மோசடிக்காரர்கள் குடும்பத்தின் பலத்தை நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். 'டிஜிட்டல் அரஸ்ட்' மோசடியைப் பாருங்கள். போலீஸ், சிபிஐ, சுங்கத்துறை என்று சொல்லி வீடியோ காலில் வருவார்கள். உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் வந்திருக்கிறது, உங்கள் ஆதாரில் கறுப்புப்பணக் கணக்கு இருக்கிறது என்பார்கள். அடுத்து அவர்கள் சொல்வதுதான் முக்கியம்: வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது, அறைக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், அழைப்பைத் துண்டிக்கக் கூடாது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மருத்துவர்கள், வங்கி அதிகாரிகள்கூட இதில் வாழ்நாள் சேமிப்பை இழந்திருக்கிறார்கள். பக்கத்து அறையில் மருமகள் இருந்தும் சொல்லவில்லை. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதைப் பற்றி எச்சரித்தார். டிஜிட்டல் அரஸ்ட் என்று இந்தியச் சட்டத்தில் எதுவும் கிடையாது.

இதைத் தடுக்க ஆப் எதுவும் தேவையில்லை. "யாரிடமும் சொல்லாதே என்று எவன் சொன்னாலும் உடனே வீட்டில் சொல்ல வேண்டும், சொன்னால் யாரும் திட்ட மாட்டோம்" என்று வீட்டில் ஒரு முறை வாய்விட்டுப் பேசி வைத்தால் போதும். அந்தக் கடைசிப் பாதி அவசியம். ஏமாந்தவர்கள் மறைப்பது பெரும்பாலும் திட்டுக்குப் பயந்துதான். இன்னொன்றும் சேர்த்துச் சொல்லுங்கள்: பணம் நமக்கு வருவதற்கு யூபிஐ பின் நம்பர் போடவே தேவையில்லை. பின் போடச் சொன்னால் பணம் போகப்போகிறது என்று பொருள். தப்பித்தவறிப் பணம் போய்விட்டால் 1930 என்ற நம்பருக்கு உடனே அழைக்க வேண்டும். சீக்கிரம் அழைத்தால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கி நிறுத்த வாய்ப்பு கூடுதல்.

ஒருவர் இல்லாமல் போனால்

தனி ஆள் முறையின் மிகக் கடினமான பக்கம் வீட்டில் ஒருவர் இறக்கும்போது தெரியும். முன்பு ஆல்பம் பீரோவில் இருந்தது, பாஸ்புக் அலமாரியில் இருந்தது, கடன் கொடுத்த விவரம் நோட்டில் இருந்தது. இப்போது மூன்றும் ஒரு போனுக்குள், அவருடைய கைரேகைக்குப் பின்னால். வங்கிக்கு நாமினி எழுதியிருப்பார்கள். படங்களுக்கும் மின்னஞ்சலுக்கும் அந்த நாமினி செல்லாது.

இதற்கான ஏற்பாடு இருக்கிறது, கேட்பாரில்லை. கூகுள் கணக்கின் அமைப்புகளில், இத்தனை மாதம் கணக்கு செயல்படாமல் இருந்தால் இன்னாருக்குத் தகவல் கொடு, படங்களை எடுத்துக்கொள்ள அனுமதி கொடு என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். 2013 முதலே இந்த வசதி உண்டு. ஐபோனில் 2021 முதல் ஒரு வாரிசை நியமிக்கலாம். அந்த வாரிசுக்கு ஒரு சாவி எண் கிடைக்கும், இறப்புச் சான்றிதழோடு அதைக் கொடுத்தால் படங்களை எடுக்கலாம். இரண்டையும் செய்யப் பத்து நிமிடம் ஆகாது.

இறந்தவரின் சிம்மை உடனே நிறுத்திவிடாதீர்கள். ஓடிபி வர வேண்டிய இடங்கள் எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும். அதே சமயம் ரீசார்ஜ் இல்லாமல் நீண்ட நாள் விட்டால் அந்த நம்பர் துண்டிக்கப்பட்டு, சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடும். வங்கி, எல்ஐசி, ஆதார், ரேஷன் கார்டு, கேஸ், ஈபி என்று எங்கெல்லாம் அந்த நம்பர் பதிந்திருக்கிறது என்பதை இப்போதே, எல்லோரும் நலமாக இருக்கும்போதே, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பாஸ்வேர்டை எழுத வேண்டாம், எந்தக் கணக்கு எந்த நம்பரில் என்பது மட்டும் போதும். அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்பது வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.